எழுத்துப்பிழைக் காலம்

மேசை இழுப்பறையில் ஒரு பழைய நோட்டு வைத்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுத்துப்பிழைகள் மட்டுமே இருக்கும். பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'ஈ' வரவேண்டும். அதை விட்டுவிட்டு எழுதுபவர்கள் உண்டு. இரண்டு 'எஃப்' வரும் இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் என்றால், மைக்கேலில் 'ஏ'யும் 'ஈ'யும் இடம் மாறிக்கொள்ளும். ஜோர்டனில் 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'ஓ' உட்கார்ந்திருக்கும். போக்கிமான் கார்டுகள் வந்த பிறகு, சாரிஸார்ட் என்ற ஒரு பெயருக்கு மட்டும் 11 விதமான பிழைகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் நாங்கள் நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். குழந்தை தூங்கிய பிறகு இந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஈபேயின் தேடல் பெட்டியில் ஒவ்வொரு பிழையாகத் தட்டிப் பார்ப்பேன். சரியான பெயரைத் தட்டினால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் கார்டுகள் வரும். பிழையான பெயரைத் தட்டினால் இரண்டோ மூன்றோ வரும், ஆனால் அவற்றை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைய தேடலுக்குப் பிழையைத் திருத்திப் படிக்கத் தெரியாது. விற்பவர் எப்படி எழுதினாரோ அப்படியே தேடினால்தான் பொருள் கண்ணில் படும்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் என் முதல் கிரிஃபி கிடைத்தது. 1989-ல் அப்பர் டெக் என்ற புதிய நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பின் முதலாம் எண் கார்டு அது. கிரிஃபி அதுவரை பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அவர் அணிந்திருந்த தொப்பியே வேறு அணியுடையது. சியாட்டில் மரினர்ஸ் தொப்பிபோல் தெரியும்படி படத்தில் திருத்தியிருந்தார்கள். அந்த இளைஞனின் சிரிப்பைப் பார்த்தால் பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் பிடித்துப்போகும். எனக்கும் அப்போது பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது. 80-களின் இறுதியில் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களைப் பொறுக்கிச் சேர்த்த பழக்கம்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. இங்கே வந்து பார்த்தால், அமெரிக்கப் பையன்களும் தலைமுறை தலைமுறையாகச் சூயிங்கம்மோடு வந்த கார்டுகளைத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

விற்பனையாளர் பெயரில் 'ஈ'யை விட்டிருந்தார். ஏலம் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலையில் முடிந்தது. என்னைத் தவிர ஒரே ஒருவர் கேட்டிருந்தார். அப்போது சந்தையில் போய்க்கொண்டிருந்த விலையில் பாதிகூட நான் கொடுக்கவில்லை. அஞ்சலகத்தில் மணி ஆர்டர் எடுத்து அனுப்பிவிட்டுப் பத்து நாள் தபால்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரில் பார்க்காத கார்டுக்கு எந்தத் தைரியத்தில் பணம் அனுப்பினேன் என்று கேட்கலாம். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது கிரேடிங். நகையில் 916 முத்திரை பார்த்து வாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டை அதற்கென்று இருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், அது அசல்தானா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு நான்கு மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். அதன்பின் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பிரிக்க முடியாதபடி ஒட்டி, மேலே லேபிளும் தனி எண்ணும் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்பார்கள். ஒரே கார்டு, 9 வாங்கினால் ஒரு விலை, 10 வாங்கினால் அதைப்போலப் பல மடங்கு.

பழைய நாணயங்களுக்கு இந்த முறையை 1986-ல் கொண்டுவந்தவர்களில் ஒருவரான டேவிட் ஹால், 1991-ல் அதைக் கார்டுகளுக்கும் கொண்டுவந்தார். அதுதான் இன்று பிஎஸ்ஏ என்று எல்லோரும் சொல்லும் நிறுவனம். அவர்கள் ஒன்றாம் எண் கொடுத்து மதிப்பிட்ட கார்டு, டி206 என்ற சிகரெட் அட்டைத் தொகுப்பில் வந்த ஹோனஸ் வாக்னர். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கியிருந்த கார்டு அது. அதற்கு 8 மதிப்பெண் கிடைத்தது. அதை முன்பு கைமாற்றிய வியாபாரி பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிஎஸ்ஏயின் முதல் முத்திரையே வெட்டிய கார்டின் மேல் விழுந்திருக்கிறது. லேபிளை நம்பு, ஆனால் கார்டையும் பார் என்று மூத்த சேகரிப்பாளர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்குப் பின்னால் அந்தக் கதை இருந்தது.

அன்று விலை தெரிந்துகொள்வது லேசான காரியம் இல்லை. புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பெக்கெட் 1984-ல் ஆரம்பித்த மாத இதழ்தான் எல்லோருக்கும் பஞ்சாங்கம். ஒவ்வொரு கார்டுக்கும் கீழ்விலை ஒன்று, மேல்விலை ஒன்று போட்டிருப்பார்கள். ஏறுமுகத்துக்கு மேல்நோக்கிய அம்பு, இறங்குமுகத்துக்குக் கீழ்நோக்கியது. அச்சாகிக் கைக்கு வரும்போது அந்த விலை பழசாகியிருக்கும். சனிக்கிழமைகளில் ஹோட்டல் கூடங்களிலும் பள்ளி அரங்குகளிலும் நடக்கும் கார்டு சந்தைகளில், அந்த இதழை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் பேரம் நடக்கும். ஊருக்கு ஊர் விலை மாறும். யாங்கீஸ் வீரரின் கார்டு நியூயார்க் பக்கத்தில் ஒரு விலை, சிகாகோவில் இன்னொரு விலை.

பியேர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கி, 1997-ல் ஈபே ஆன தளம், அந்த ஊர் எல்லைகளை அழித்துவிட்டது. ஆனால் அறியாமையை அது உடனே அழிக்கவில்லை. என்னைப்போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது அந்த இடைக்காலத்தில்தான். பெயரைத் தப்பாக எழுதுபவர், பேஸ்பால் கார்டைக் கூடைப்பந்து பிரிவில் போடுபவர், எட்டு ஸ்லாப்களைத் தரையில் பரப்பி ஒரே படம் எடுத்து மொத்தமாக விலை சொல்பவர், ஏலம் நடுராத்திரி மூன்று மணிக்கு முடியும்படி நேரம் வைப்பவர் என்று பலவகை. கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தால் வாரத்துக்கு ஒன்றாவது மாட்டும்.

இதில் ஒரு வாங்கலைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. 2004-ஆம் வருஷம். பிளாஸ்டிக் பெட்டிகளில் பழைய பேஸ்பால் கார்டுகள், என் கணவர் சேர்த்தவை என்று மட்டும் எழுதி ஒரு பெண்மணி ஒன்பது ஸ்லாப்களைப் போட்டிருந்தார். படம் தூரத்திலிருந்து எடுத்தது. லேபிள்கள் எறும்பு வரிசைபோலத் தெரிந்தன. படத்தை இறக்கிக்கொண்டு, பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் பாரி பாண்ட்ஸ். 1986-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிரேடட் தொகுப்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் மங்கலாகத் தெரிந்தது. டிஃபனி.

டிஃபனி என்பது சேகரிப்பாளர்கள் வைத்த செல்லப்பெயர், அந்தப் பெரிய நகைக்கடையின் பெயரால். சாதாரணத் தொகுப்பு லட்சக்கணக்கில் அச்சானபோது, அதையே நல்ல வெள்ளை அட்டையில், முன்பக்கம் பளபளவென்று, வியாபாரிகள் வழியாக மட்டும் குறைவாக விற்றார்கள். அந்த வருஷத்து டிரேடட் டிஃபனி 5,000 தொகுப்புகள்தான். தூரத்துப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாண்ட்ஸ் அப்போது ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்த சாதனையோடு உச்சியில் இருந்தார். அந்த ஒரு கார்டின் விலை, ஒன்பதுக்கும் சேர்த்து அந்த அம்மா கேட்ட தொகையைவிடக் கூடுதல்.

வாங்கினேன். பெட்டி வந்தது. ஒவ்வொரு ஸ்லாப்பையும் துணியில் சுற்றி வைத்திருந்தார், சமையலறைத் துணி. மேலே ஒரு சிறு கடிதம். அவர் கணவர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இவற்றை எடுத்து அடுக்கிப் பார்ப்பார் என்றும், எனக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்கட்டும் என்றும் எழுதியிருந்தார். சாய்ந்த கையெழுத்து. நான் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். டிஃபனியைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று அன்றே தெரியும். விலை சொன்னது அவர், ஏமாற்றி எதுவும் சொல்லவில்லை, தேடிக் கண்டுபிடித்தது என் உழைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணங்கள் எல்லாம் சரியானவைதான், ஆனாலும் அந்தச் சமையலறைத் துணி மனதைவிட்டுப் போகவில்லை. மற்ற எட்டும் கைமாறிப் போய்விட்டன. பாண்ட்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் தேடல் பெட்டி பிழையைத் திருத்திப் படிக்கக் கற்றுக்கொண்டது. நோட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பிறகு விற்று முடிந்த ஏலங்களின் விலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றானது. இப்போது எந்தக் கார்டுக்கும் கடந்த 90 நாள் விற்பனையை ஒரு தட்டில் பார்க்கலாம். பேரம் பேசி முடித்த விலையை ஈபே வெளியே காட்டாது, கேட்ட விலையின் மேல் கோடு மட்டும் இழுத்திருக்கும். அந்த உண்மை விலையையும் எடுத்துக் காட்ட 130 பாயிண்ட் என்ற தளம் வந்தது. இந்தப் பழைய விற்பனை விலைகளைச் சேகரிப்பாளர்கள் காம்ப்ஸ் என்கிறார்கள். காம்ப்ஸ் பார்க்காமல் இன்று பத்து வயதுப் பையன்கூட விலை சொல்வதில்லை.

அதன்பின் 2020 வந்தது. ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள் பரணில் கிடந்த பெட்டிகளைத் திறந்தார்கள். ஏப்ரலில் ஜோர்டனைப் பற்றிய 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடர் வெளியானது. அந்த ஒரு வருஷத்தில் அமெரிக்காவில் கார்டு விற்பனை 142 சதவீதம் வளர்ந்ததாக ஈபே சொன்னது. 1986 ஃபிளீர் தொகுப்பின் ஜோர்டன் கார்டு, 10 மதிப்பெண் பெற்றது, 2021 ஜனவரி கடைசியில் 7,38,000 டாலருக்குப் போனது. அதே கார்டு பின்னர் இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ 2021 மார்ச் இறுதியில் பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாசலில் கார்டுக்காக நடந்த அடிதடிக்குப் பிறகு, மே மாதத்தில் அந்த நிறுவனம் கடைகளில் கார்டு விற்பதையே சில காலம் நிறுத்தியது.

அந்த அலையில் வந்த பணம் நிறையப் பேரைத் தின்றது. ஆனால் அலை வடிந்த பிறகும் கருவிகள் தங்கிவிட்டன. இன்று ஒருவர் ஸ்லாப்பை விற்க நினைத்தால் லேபிளை போனுக்குக் காட்டினால் போதும். வருஷம், தொகுப்பு, வீரர், மதிப்பெண் எல்லாம் தானாக நிரம்பிவிடும். எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. கடைசியாக என்ன விலைக்குப் போனது என்பதும் பக்கத்திலேயே வந்து நிற்கும். அதையும் மீறி யாராவது குறைத்துப் போட்டால், மனிதக் கண் பார்ப்பதற்குள் நிரல்கள் பார்த்துவிடுகின்றன. புதிதாக ஏறும் ஒவ்வொரு பட்டியலையும் காம்ப்ஸோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மணி அடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அறிவிப்பு வந்து, கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால், விற்றாயிற்று என்றிருக்கும்.

இதற்காக நான் வருத்தப்பட வேண்டும் என்றுதான் பழைய நண்பர்கள் எதிர்பார்க்கிறார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் பெண்மணி இன்று அதே ஒன்பது பெட்டிகளை விற்றிருந்தால், பேத்தியின் போன் அவருக்கு டிஃபனி என்று சொல்லியிருக்கும். அவர் கணவர் சேர்த்ததன் விலை அவர் கைக்கே போயிருக்கும். எனக்கு ஒரு வேட்டை குறைந்தது என்பதற்காக அதைக் கெட்ட மாற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கணக்கும் மாறிப்போனது. அன்று வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால் பெரும்பாலும் விற்பனை வரி கிடையாது. 2018-ல் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரி வந்துவிட்டது. நியூஜெர்சியில் 6.625 சதவீதம். 200 டாலருக்கு ஒரு கார்டு வாங்கினால் வரி 13.25, தபால் 5, ஆக 218.25. அதை 250-க்கு விற்றால் ஈபேக்குச் சுமார் 13 சதவீதம், அதாவது 32.50 போகும். தபாலுக்கு இன்னொரு 5. கையில் நிற்பது 212.50. ஐம்பது டாலர் ஏற்றி விற்றும் கையைக் கடிக்கிறது. சந்தை விலைக்கு இருபது சதவீதம் குறைவாகக் கிடைத்தது என்று துள்ளிக் குதிக்கும் இளைஞர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். விற்பதற்காக வாங்குகிறவருக்கு அந்த இருபது சதவீதம் மலிவே இல்லை. வைத்துக்கொள்வதற்காக வாங்குகிறவருக்குத்தான் அது மலிவு.

அப்படியானால் மலிவு என்பது முற்றிலும் போய்விட்டதா? இல்லை. இடம் மாறியிருக்கிறது. எந்திரம் லேபிளைப் படிக்கிறது. லேபிளுக்குக் கீழே இருக்கும் கார்டை அது இன்னும் சரியாகப் பார்ப்பதில்லை.

8 என்ற மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்ஏ விதிப்படி, முன்பக்கத்தில் படம் ஒரு பக்கம் ஒதுங்கி, ஓரங்கள் சமமில்லாமல் இருந்தாலும் 8 கொடுக்கலாம். கச்சிதமாக நடுவில் இருந்து, ஒரு மூலையில் மட்டும் லேசாக நார் தெரிந்தாலும் 8 கிடைக்கும். காம்ப்ஸ் கணக்கில் இரண்டுக்கும் ஒரே விலை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைப் பார்த்தால் சுவரில் கோணலாக மாட்டிய படம்போல உறுத்தும். இரண்டாவது, அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் அழகாக இருக்கும். 8 என்ற எண்ணை மட்டும் பார்த்து விலை வைக்கும் விற்பனையாளரிடம் இரண்டாவது வகைக் கார்டு மாட்டினால், அதுதான் இன்றைய மலிவு.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் எழுத்துகளையும் பார்க்க வேண்டும். படம் நடுவில் இல்லை, கறை இருக்கிறது, மேலே பேனாக் குறி இருக்கிறது என்பதற்கெல்லாம் பழைய லேபிள்களில் தனித்தனிக் குறியெழுத்து உண்டு. குறியோடு வரும் 8, சும்மா வரும் 8-ஐவிட மிகக் குறைந்த விலைக்குத்தான் போகும். அவசரத்தில் வாங்குபவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

போக்கிமானில் இன்னொன்று உண்டு. 1999-ல் வந்த முதல் ஆங்கிலத் தொகுப்பில், முதல் பதிப்புக்கு அடுத்துக் கொஞ்ச காலம் மட்டும் அச்சான கார்டுகளில், படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் இருக்காது. பிறகு ஏராளமாக அச்சானவற்றில் நிழல் விழும். நிழலில்லாததன் விலை அதிகம். தானே தலைப்பு எழுதும் சில விற்பனையாளர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். கார்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் காப்புரிமை வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிண்டெண்டோ என்ற பெயருக்கு முன்னால் வரும் வருஷங்களில் 99-ம் இருந்தால் அது நிழலில்லாதது. 98-ஓடு முடிந்தால் பின்னால் வந்தது. என் மகள் 12 வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

நேரமும் இன்னும் வேலை செய்கிறது. ஞாயிறு இரவு முடியும் ஏலங்களில் கூட்டம் அதிகம். வேலைநாள் காலையில் முடிபவை இன்றும் சற்று இறங்கித்தான் போகின்றன. பேஸ்பால் ஆடாத குளிர்காலத்தில் பேஸ்பால் கார்டு தேடுவது, கோடையில் கம்பளி வாங்குவதுபோல.

மலிவு என்று நினைத்து நான் அடி வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு ஒரு ஜோர்டன் ஸ்லாப், காம்ப்ஸில் முக்கால்வாசி விலை. லேபிளில் இருந்த எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பார்த்தேன். வருஷம், கார்டு, மதிப்பெண் எல்லாம் பொருந்தியது. பணம் கட்டினேன். பெட்டி வந்ததும் கையில் எடுத்த நொடியே ஏதோ சரியில்லை என்று பட்டது. பிளாஸ்டிக்கின் ஓரம், ஒட்டிய இடத்தில் ஒரே சீராக மங்கலாக இருக்க வேண்டியது, திட்டுத்திட்டாகப் பசைபோல இருந்தது. மறுபடி தளத்துக்குப் போய், அந்த எண்ணுக்கு அவர்கள் எடுத்து வைத்திருந்த படத்தை நிதானமாகப் பார்த்தேன். அசல் கார்டின் இடது ஓரம் வலதைவிடச் சற்று அகலம். என் கையில் இருந்ததில் இரண்டும் சமம். யாரோ ஒருவருடைய உண்மையான எண்ணைத் திருடிப் போலி லேபிள் அடித்திருக்கிறார்கள். எண் பொருந்துகிறதா என்று பார்த்தவன், படம் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. நல்லவேளையாக வந்தது. எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் படத்தோடு படத்தை ஒட்டிவைத்து, மூலை மூலையாக ஒப்பிடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

மகளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. தன் சம்பளத்தில் வாங்கும் முதல் கார்டு யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டராக இருக்க வேண்டும் என்றாள். ஜீட்டர் பிறந்தது எங்கள் நியூஜெர்சியில்தான். 1993 எஸ்பி தொகுப்பு, 279-ஆம் எண். மின்னும் ஃபாயில் மேற்பரப்பு. விளிம்பு தொட்டாலே உதிரும், ஆணி பட்டாலே கீறும். அதனால்தான் அந்தக் கார்டில் 10 கிடைப்பது மிக அபூர்வம். 8 ஆயிரக்கணக்கில் உண்டு, எல்லாமே ஏறக்குறைய ஒரே விலையில் பட்டியலில் நிற்கின்றன.

சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக 26 ஜீட்டர்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஃபாயில் படத்தில் ஒளி அடித்துவிடும். கீறல் இருக்கிறதா, வெளிச்சமா என்று தெரியாது. சாய்த்து எடுத்த இன்னொரு படம் தர முடியுமா என்று நான்கு பேருக்கு எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று கோணங்களில் எடுத்து அனுப்பியிருந்தார். அவர் சொன்னது எல்லோரும் சொன்ன அதே விலைதான். காம்ப்ஸ் பார்த்துத்தான் வைத்திருந்தார். பேரம் பேசவா என்று நான் கேட்டேன். "வேண்டாம்ப்பா, இந்த விலைக்கு இது போதும்" என்றாள்.

வியாழக்கிழமை கார்டு வந்தது. மேசை விளக்கை இறக்கி, ஸ்லாப்பை மெல்லச் சாய்த்தேன். ஃபாயிலில் ஒளி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எங்கும் தடுக்காமல் வழுக்கிப் போனது. மகள் இழுப்பறையில் ஸ்கேலைத் தேடினாள். அடியிலிருந்து பழைய நோட்டும் கூடவே வந்தது. அதை மேசையில் போட்டுவிட்டு, ஸ்கேலைப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்து இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் அளந்தாள்.

"அப்பா, இடது பக்கம் ஒரு மயிரிழை கூட."

"கண்ணை நேரா வச்சுப் பாரும்மா" என்றேன்.

குனிந்து மறுபடி அளந்தாள்.